நடுவில் வெற்றுத்தாள் வைத்துத் தைத்த எட்டு நாவல்கள்: ஓர் ஈரோட்டு பைண்டிங் கடை

ஈரோடு மணிக்கூண்டுப் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் பைண்டிங் கடையில் போன வருடம் செப்டம்பரில் எட்டுப் புத்தகங்களைத் தைக்கக் கொடுத்தேன். எட்டும் ஒரே நாவலின் பிரதிகள். மொத்தம் 970 ரூபாய் ஆனது. கையில் வாங்கிய அன்றே எழுதியிருந்தால் அட்டை அழகாக இருக்கிறது என்று மட்டும்தான் எழுதியிருப்பேன். ஒரு வருடம் 24 பிள்ளைகள் கையில் புரண்டு, பள்ளிக்கூடப் பைக்குள் சோற்று டப்பாவோடு போய் வந்த பிறகு எழுதுகிறேன்.

நான் பவானிக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் டீச்சர். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் விருப்பப்பட்டவர்கள் நூலக அறைக்கு வந்துவிடுவார்கள். இரண்டு பவானி ஜமக்காளத்தை விரித்து, ஆறு ஆறு பேராக நான்கு குழுவாக உட்கார்ந்து நாவல் படிப்போம். ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும், மற்றவர்கள் நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம். நாங்கள் எடுத்துக்கொண்ட நாவல் ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்'. தாராபுரம் பக்கத்துக் கீரனூரில் 1917இல் பிறந்தவர், இருபத்தைந்து வயதையொட்டி எழுதி 1942இல் வெளிவந்த நாவல். எங்கள் பிள்ளைகளுக்கு அதில் சொற்பொருள் பட்டியல் தேவைப்படவில்லை. தோட்டங்காட்டுப் பேச்சு அப்படியே காதில் விழுகிறது. சின்ன நாவல் என்பதால் வாரம் ஒரு மணி நேரத்தில் படித்து முடிக்கவும் முடிகிறது.

அதற்கு முந்தின வருடமும் இதே நாவலைத்தான் படித்தோம். அந்த வருடம் எனக்குத் திருப்தியில்லை. முடித்த பிறகு, "நாகம்மாள் மாறினாளா?" என்று கேட்டேன். எல்லாக் குழுவும் ஒரே பதிலைச் சொன்னது. "மாறிட்டா டீச்சர். முதல்ல நல்லவளா இருந்தா, அப்புறம் கெட்டவளாயிட்டா." எந்த இடத்தில் மாறினாள் என்று கேட்டால் ஒருவராலும் காட்ட முடியவில்லை. காரணம் எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. கணவனை இழந்த ஒரு இளம்பெண், கொழுந்தன் சின்னப்பன் வீட்டில் இருந்துகொண்டு நிலத்தில் பங்கு கேட்கிறாள், அது கடைசியில் சின்னப்பன் கொலையில் போய் முடிகிறது. (80 வருடம் தாண்டிய நாவல், முடிவைச் சொல்லாமல் மேற்கொண்டு எழுத முடியாது.) அந்த முடிவு தெரிந்தவுடன் பிள்ளைகளின் மனதில் முதல் பக்கம் வரைக்கும் அதே சாயம் ஏறிவிட்டது. நடுவில் அவர்கள் அவளைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்கு அவர்களிடமே சாட்சி இல்லை. நோட்டில் எழுதச் சொல்லியிருந்தேன். பாதி நோட்டு காணாமல் போனது, மீதியில் முதல் நாள் இரவு ஒரே மையில் மொத்தமாக எழுதியிருந்தார்கள்.

சரி, எழுதுவது நோட்டில் இருக்கக் கூடாது, புத்தகத்துக்குள்ளேயே, அந்தந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்று தோன்றியது. ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவில் பத்து சதவீதக் கழிவில் ஐந்து புதுப் பிரதி வாங்கினேன். பழைய பிரதி மூன்று கைவசம் இருந்தது. எட்டையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

பெரும்பாலும் ஜவுளிக் கடைக்கும் மஞ்சள் மண்டிக்கும் பேரேடு தைத்துக் கொடுக்கிற கடை அது. நான் கேட்டது கடைக்காரருக்கு முதலில் புரியவில்லை. "புஸ்தகத்துக்கு நடுவுல வெறுந்தாளுங்களா? அதெதுக்குங்க டீச்சர்?" என்றார். நான் சொன்னேன். ஒவ்வொரு பிரதியிலும் ஐந்து இடம். அவளை நன்றாகப் பார்த்துப் பழகிய பிறகு ஒன்று, பங்கு என்ற எண்ணம் முளைக்கிற இடத்தில் ஒன்று, அதை வாய்விட்டுக் கேட்கிற இடத்தில் ஒன்று, வீட்டுச் சண்டை முற்றுகிற இடத்தில் ஒன்று, கொலைக்கு முன்னால் ஒன்று. அந்த இடத்துக்கு வந்ததும் படிப்பை நிறுத்தி, ஒரு பிரதியைப் பகிர்ந்து படிக்கும் மூன்று பேரும் பேனாவால் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு பழைய பிரதியின் முதுகைத் திருப்பிப் பார்த்தார்.

இங்கேதான் அவருடைய தொழில் தெரிந்தது. பழைய பிரதிகள் பாரம் பாரமாக மடித்து நூலால் தைத்தவை. ஒரு பாரம் பதினாறு பக்கம். தையலைப் பிரித்தால் பாழாகிவிடும், அதனால் பிரிக்காமல் வெற்றுத்தாளின் ஓரத்தில் மட்டும் மெல்லிசாகப் பசை தடவி உள்ளே ஒட்டிவிடலாம் என்றார். புதுப் பிரதிகள் வெறும் பசை பைண்டிங். அவற்றுக்கு முதுகுப் பசையைச் சீவி எடுத்து, தாள்களைத் தனித்தனியாக்கி, வெற்றுத்தாளைச் சொருகி, ஓரத்தில் துளை போட்டுப் பக்கத் தையல் போட வேண்டும். "பக்கத் தையல் போட்டா புஸ்தகம் மல்லாக்க விரியாதுங்க, உள் ஓரம் கொஞ்சம் மாட்டிக்கும். பரவாயில்லீங்களா?" என்று வேலை பிடிக்கும் முன்பே சொன்னார். அப்படி முன்கூட்டிச் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். பக்கத் தையலும் காலிகோ துணி முதுகும் போட்டுப் பிரதிக்கு 110 ரூபாய். பழையவற்றுக்கு 140.

தாள்தான் எதிர்பாராமல் கிடைத்த நன்மை. சாதாரண வெள்ளைத்தாளில் பேனா மை மறுபக்கம் ஊறும் என்று சொல்லி, பேரேட்டு வேலையில் மிச்சமான தடித்த லெட்ஜர் தாளைக் காட்டினார். அதில் பற்று, வரவு என்று இரண்டு பத்தி அச்சாகியிருந்தது. "இது போட்டாத் தாளுக்குக் காசு வேண்டாமுங்க" என்றார். நான் சம்மதித்தேன்.

அந்தப் பத்திகளை என்ன செய்வது என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. மண்டியில் கணக்கு எழுதுகிறவரின் மகன் ஒருவன் எங்கள் குழுவில் இருந்தான். அவன் முதல் தாளிலேயே பற்றுப் பக்கத்தில் அடுத்தவர்கள் நாகம்மாள் காதில் போட்ட பேச்சையும், வரவுப் பக்கத்தில் அவளே சொன்னதையும் எழுத ஆரம்பித்தான். முதல் இரண்டு தாளில் இரண்டு பத்திக்கும் சம்பந்தமே இல்லை. மூன்றாவது தாளில், "இங்க ரெண்டும் ஒண்ணாயிருச்சு டீச்சர்" என்று கொண்டுவந்து காட்டினான். கெட்டியப்பனும் ஊரில் வேறு சிலரும் ஏற்றிவிட்டது அவள் வாயில் அவளுடைய சொல்லாகவே வந்துவிட்டது என்பது அவன் கட்சி. அப்படியானால் மாறியது அவளில்லை, பிறர் பேச்சை அவள் சுமந்தாள், அவ்வளவுதான். கவுந்தப்பாடியிலிருந்து வருகிற ஒரு பெண் உடனே மறுத்தாள். "அவங்க ஏத்திவிட்டாங்கங்கறது சரி. ஆனா ஏறுனது அவ ஆசைதானே? இல்லாததை எப்படி ஏத்த முடியும்?" அன்று மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. முந்தின வருடம் நான் எத்தனை கேள்வி கேட்டும் வராத பேச்சு அது.

இன்னொரு வெள்ளிக்கிழமை ஒருவன், "பேசாம கோர்ட்டுக்குப் போயிருக்கலாமே" என்று கேட்டான். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை, படித்துவிட்டு அடுத்த வாரம் சொன்னேன். 1937இல் வந்த சட்டம் இந்து விதவைக்குக் கணவன் சொத்தில் ஆயுள்கால உரிமை கொடுத்தது. ஆனால் மாகாணங்களில் விவசாய நிலத்துக்கு அது செல்லாது என்று 1941இல் ஃபெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. அடுத்த வருடம் நாவல் வருகிறது. சென்னை மாகாணத்தில் விவசாய நிலத்துக்கும் அந்த உரிமையை நீட்டித்தது 1947இல்தான். இதைக் கேட்டதும் நாலாவது தாளில் பலருடைய எழுத்தின் தொனி மாறியது. மூன்றாவது தாளில் 'பேராசை' என்று எழுதியிருந்த ஒரு பெண், நாலாவதில் 'கேட்க இடமில்லாதவள் கத்தித்தான் கேட்பாள்' என்று எழுதினாள். மூன்றாவது தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அடித்துவிடட்டுமா என்று கேட்டாள். கூடாது என்றேன். இரண்டும் இன்றைக்கும் அந்தப் பிரதியில் இருக்கின்றன, நடுவில் நாவலின் பக்கங்கள். நாகம்மாள் மாறுவதையும் அவளைப் பார்க்கிற நம் கண் மாறுவதையும் பிரித்துக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஏழு நாளில் தருவதாகச் சொன்னார், பதினாறு நாள் ஆனது. மூன்று முறை பவானியிலிருந்து பஸ் ஏறி வெறுங்கையோடு திரும்பினேன். இரண்டு பிரதிகளில் ஓரத்தை மெஷினில் நறுக்கும்போது அதிகமாக நறுக்கி, சில பக்கங்களில் வரியின் கடைசி எழுத்து போய்விட்டது. அந்தப் பிரதியில் சத்தமாகப் படிக்கிற பிள்ளைகள் தடுமாறினார்கள். நான் கொண்டுபோய்க் காட்டியபோது மழுப்பாமல், "எம்மேல தப்புத்தானுங்க, அடுத்த வேலைல கழிச்சுக்கறேன்" என்றார்.

மூன்றாவது தவறை நான் பிப்ரவரியில்தான் கண்டுபிடித்தேன். ஒரு பிரதியில் ஐந்தாவது தாள், கொலைக்கு முன்னால் வர வேண்டியது, கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் போயிருந்தது. நிறுத்துவதற்குத் தாள் இல்லாததால் அந்த மூன்று பிள்ளைகளும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு எழுதியிருந்தார்கள். மூன்றிலும் ஒரே சாரம்: 'இப்படித்தான் ஆகும் என்று அப்போதே தெரியும்.' மற்ற ஏழு பிரதிகளில் ஒருவர்கூட அப்படி எழுதவில்லை. சின்னப்பன் பங்கைப் பிரித்துக் கொடுத்துவிடுவான் என்று ஒருத்தி. அவள் குழந்தையோடு ஊரைவிட்டுப் போய்விடுவாள் என்று ஒருவன். சின்னப்பன் மனைவி ராமாயி குறுக்கே விழுந்து சமாதானம் செய்துவிடுவாள் என்று இரண்டு பேர். எல்லாப் பிரதிகளையும் ஜமக்காளத்தில் விரித்துப் போட்டு அந்த மூன்று பேரையே படித்துப் பார்க்கச் சொன்னேன். அவர்கள் தங்களுடைய முதல் நான்கு தாளையும் திருப்பினார்கள். 'அப்போதே தெரியும்' என்பதற்கு அவற்றில் ஒரு வரி ஆதாரம்கூட இல்லை. அந்தத் தவறால் எங்களுக்கு நன்மை நடந்தது உண்மைதான். ஆனாலும் தவறு தவறுதான், கொடுக்கும்போதே ஒவ்வொரு பிரதியையும் சரிபார்த்து வாங்கியிருக்க வேண்டும்.

உழைப்பைப் பொறுத்தவரை எனக்குக் குறையே இல்லை. காலிகோ முதுகு ஒன்றுகூட விடவில்லை. மேலட்டையின் மார்பிள் தாள் மட்டும் மூலைகளில் தேய்ந்திருக்கிறது. மைதா பசையில் மயில்துத்தம் கலப்பதாகச் சொன்னார், நூலக அறையில் மற்ற புத்தகங்களை அரித்த பூச்சி இவற்றைத் தொடவில்லை. ஒட்டுத்தாள் ஒன்று கழன்று வந்தது, காசு வாங்காமல் ஒட்டிக் கொடுத்தார். விரித்து வைத்து எழுத வசதியானவை பழைய மூன்று பிரதிகள்தான். பக்கத் தையல் போட்ட ஐந்திலும், அவர் சொன்ன மாதிரியே, ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் எழுத வேண்டியிருக்கிறது. உங்களுக்குக் கிடைக்குமென்றால் நூல் தையல் உள்ள பிரதியாகத் தேடி வாங்குங்கள். இதற்கு முன் பிரிந்துபோன பிரதிகளுக்கு ஸ்பைரல் போட்டும் பார்த்தேன். விலை குறைவு, நன்றாக விரியும், ஆனால் பைக்குள் கம்பி நசுங்கித் தாள் கிழிந்துவிடுகிறது.

நீங்களும் இப்படித் தைக்கக் கொடுப்பதாக இருந்தால், இடத்தை வாயால் சொல்லாதீர்கள். ஒவ்வொரு இடத்திலும் துண்டுச்சீட்டு வைத்து, அதில் எத்தனையாவது தாள் என்று எழுதிக் கொடுங்கள். வெளி ஓரத்தை நறுக்கவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மார்ச், ஏப்ரலில் போகாதீர்கள், புதுக் கணக்குக்கான பேரேடும் கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட்டும் மலைபோலக் குவிந்திருக்கும்.

இந்த வருடப் பிள்ளைகள் அதே எட்டுப் பிரதியில் தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். தன் வரியை எழுதி முடித்த பிறகுதான் முன்பக்கத்தில் அண்ணன் அக்காக்கள் எழுதியதைப் பார்க்கலாம் என்று விதி வைத்திருக்கிறேன். இன்னொரு நாவலில் பத்துப் பிரதி போன சனிக்கிழமை கடையில் கொடுத்திருக்கிறேன், சீட்டு வைத்து. தாள் கோடில்லாததா, பற்று வரவா என்று கேட்டார். பிள்ளைகளைக் கேட்டேன், எல்லோருக்கும் பற்று வரவுதான் வேண்டுமாம். மிச்சமிருக்கிற தாள் ஆறு பிரதிக்குத்தான் வரும் என்கிறார். மீதி நாலுக்குக் கையால் கோடு போட்டுக்கொள்வதாக அந்தக் கவுந்தப்பாடிப் பெண் சொல்லியிருக்கிறாள். அவள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு.