ரெகோவோட்டில் அரை நாள்: சலவை இயந்திரத்துக்கு அடியில் ஒரு தோட்டா ஆலை

டெல் அவீவில் தங்குகிறவர்களுக்கு அரை நாள் கையில் இருந்தால், தெற்கே ரெகோவோட்டில் உள்ள அயலோன் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போகலாம். பெயரைப் பார்த்துக் கல்லூரி என்று நினைத்துவிட வேண்டாம். 1945 முதல் 1948 வரை, பாலஸ்தீனத்தை ஆண்ட பிரிட்டிஷாரின் கண்ணில் மண்ணைத் தூவி ஹகனா என்ற யூத ரகசியப் படை நடத்திய நிலத்தடித் தோட்டா ஆலை அது. இன்று அருங்காட்சியகம்.

முதலில், ஆலைக்கு மேலே இருந்த கிபுட்ஸின், அதாவது யூதர்களின் கூட்டுப் பண்ணைக் குடியிருப்பின், சலவை அறை. பெரிய சலவை இயந்திரத்தை நகர்த்தினால் தரையில் ஒரு துளை, உள்ளே குறுகலான சுழல் படிக்கட்டு. ஏறத்தாழ 8 மீட்டர் ஆழத்தில் இயந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. இன்னொரு வாசல் ரொட்டி அடுப்புக்கு அடியில். 10 டன் எடையுள்ள அந்த அடுப்பையே நகர்த்தித்தான் பெரிய பொருள்களை இறக்கினார்கள்.

துப்பாக்கியை விட்டுவிட்டு ஏன் தோட்டா? இதைப் புரிந்துகொண்டு இறங்கினால் சுற்றிப் பார்ப்பதே வேறு மாதிரி இருக்கும். ஸ்டென் துப்பாக்கியைக் குழாயும் தகடும் வைத்துச் சாதாரணப் பட்டறையிலேயே செய்துவிடலாம். அதற்கான 9 மி.மீ. தோட்டா அப்படியல்ல. பித்தளைத் தகட்டைக் கிண்ணமாக அழுத்தி, நீட்டி, கூடாக்கி, விளிம்பைச் சீராக வெட்டி, மருந்து நிரப்பி, ஈயக்குண்டைப் பொருத்த வேண்டும். அளவு இம்மி பிசகினாலும் துப்பாக்கி அடைத்துக்கொள்ளும். அந்த இயந்திரங்களை 1938இல் போலந்தில் வாங்கினார்கள்; அவை பெய்ரூட்டில் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் முடங்கிக் கிடந்தன. பித்தளைக்கு அனுமதி வாங்கச் சொன்ன காரணம், லிப்ஸ்டிக் கூடு செய்வது!

கீழே வேலை செய்த சுமார் 45 பேருக்கும் வெயிலே படாது. வயலில் உழைப்பவர்கள் வெளுத்துப்போய் இருந்தால் சந்தேகம் வரும் என்று புற ஊதா விளக்கின் முன் நின்று தோலைக் கறுக்க வைத்தார்கள். மேலே ஏறுமுன் ஒருவர் காலணியை ஒருவர் பார்ப்பார்கள், அடியில் பித்தளைத் துகள் ஒட்டியிருக்கிறதா என்று. கீழே எழும் சத்தத்தை மறைக்கச் சலவை இயந்திரம் ஓயாமல் ஓட வேண்டும். கிபுட்ஸின் துணி அதற்குப் போதாததால் வெளியாரின் துணியும் எடுத்தார்கள், பிரிட்டிஷ் சிப்பாய்களின் சீருடை உட்பட. ரகசியம் தெரியாத கிபுட்ஸ்வாசிகளுக்கு 'ஒட்டகச்சிவிங்கிகள்' என்று பெயர். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்கள் செய்தும் கடைசிவரை பிடிபடவில்லை.

குறைகளும் உண்டு. வழிகாட்டியோடுதான் இறங்க முடியும். ஆங்கிலச் சுற்று வேண்டுமென்றால் முன்பதிவின்போதே கேட்டு வாங்குங்கள். முழங்கால் வலி உள்ளவர்களும் அடைபட்ட இடம் ஒத்துக்கொள்ளாதவர்களும் யோசித்து முடிவெடுங்கள். இது ஒரு தரப்பின் நினைவிடம். 1948 போரில் வீடிழந்த 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்களைப் பற்றி வேறிடத்தில் படித்துக்கொள்ள வேண்டும்.

தோட்டா மட்டும் நாட்டைத் தந்துவிடவில்லை என்பதைப் பார்க்க, அதே ஊரில் வைஸ்மன் ஆய்வு நிறுவன வளாகத்துக்குள் இருக்கும், இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவரான ஹைம் வைஸ்மன் வீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டடக்கலைஞர் எரிக் மெண்டல்சோன் கட்டியது. பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைய பிரிட்டன் ஆதரவு சொன்ன 1917 பால்ஃபர் அறிவிப்புக்காக லண்டனில் உழைத்தவர் வைஸ்மன். 1948 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ட்ரூமனைத் தனியே சந்தித்தவரும் அவரே. இடையில், 1947 நவம்பர் 29 அன்று ஐ.நா.வில் பாலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடு என்று பிரிக்கும் திட்டத்துக்கு ஆதரவாக 33 வாக்குகள், எதிராக 13. இந்தியா எதிர்த்து வாக்களித்தது. அடுத்த மாதமே அமெரிக்கா அந்தப் பகுதிக்கு ஆயுதம் அனுப்பத் தடை விதித்தது. ரெகோவோட்டின் தோட்டாவுக்கு மதிப்புக் கூடியது அதனால்தான். சுதந்திரம் அறிவித்த நாளில் வைஸ்மன் நியூயார்க்கில் இருந்தார். அந்தச் சாசனத்தில் அவர் கையெழுத்து இல்லை.

அந்த நாள் 1948 மே 14, வெள்ளிக்கிழமை. பிரிட்டிஷ் ஆட்சி நள்ளிரவில்தான் முடிகிறது. ஆனால் சூரியன் மறைந்தால் சப்பாத் என்ற யூதர்களின் வார ஓய்வு நாள் தொடங்கிவிடும், கையெழுத்திட முடியாது. அதனால் மாலை 4 மணிக்கே டெல் அவீவில் கூட்டம். சாசனத்தில் கடவுள் பெயர் வேண்டும் என்றார்கள் மதவாதிகள், கூடாது என்றார்கள் இடதுசாரிகள். இரு தரப்பும் தங்கள் விருப்பப்படி பொருள் கொள்ள 'இஸ்ரேலின் பாறை' என்ற சொல்லில் வந்து நின்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, ஐ.நா. விசாரணைக் குழு வந்திருந்த நேரத்தில், அகுதத் இஸ்ரேல் என்ற கடும் ஆசாரக் கட்சிக்கு பின்னாளில் முதல் பிரதமரான பென் குரியன் தரப்பு ஒரு கடிதம் எழுதியது: சனிக்கிழமை ஓய்வு நாள், அரசு சமையலறைகளில் கோஷர் (யூத மத விதிப்படியான) உணவு, திருமணச் சட்டத்தில் மத விதிக்கு மதிப்பு, மதக் கல்விக்குத் தன்னாட்சி. வெளிநாட்டுக் குழுவின் முன் யூதர் குரல் பிளவுபடக் கூடாது என்பதற்குக் கொடுத்த விலை அது. இன்றும் அங்கே யூதர்களின் திருமணம் ரபி (யூத மதகுரு) நீதிமன்றங்களின் கையில்தான் இருக்கிறது.

அந்தக் கடிதத்தின் நிழல் உங்கள் பயணத்திலும் விழும். வெள்ளி பிற்பகல் முதல் சனி இரவு வரை ரயில் ஓடாது. ஞாயிறு முதல் வியாழன் வரை வைத்துக்கொள்வது நல்லது. வெள்ளிக்கிழமைதான் தோதுப்படும் என்றால் காலையிலேயே முதல் சுற்றில் இடம் பிடித்து, மதியத்துக்குமுன் ரெகோவோட் நிலையத்துக்கு வந்துவிடுங்கள்.