பூசணிக் கொடிக்குத் தெளிப்பதா, மூடுவதா?

வீட்டுத் தோட்டத்தில் பரங்கியும் சாம்பல் பூசணியும் வளர்ப்பவர்களுக்குப் பெரும் இழப்பைத் தருபவை இரண்டு பூச்சிகள்தாம். விதையிலை விரிந்த வாரத்திலேயே வந்து இலையைச் சல்லடையாக்குவது சிவப்புப் பூசணி வண்டு. கொடி ஓடிப் பிஞ்சு பிடித்த பிறகு வருவது பழ ஈ. முன்னது இலைக்கு வெளியே நின்று தின்கிறது, பின்னதன் புழுவோ காய்க்கு உள்ளே இருந்து தின்கிறது. இந்த வேறுபாட்டைக் கருதாமல் ஒரே வேப்பெண்ணெய்க் கரைசலை இரண்டுக்கும் தெளித்துவிட்டு, வேம்பு பயன்படவில்லை என்று முடிவுகட்டுபவர்களே அதிகம். ஆகவே ஒவ்வொரு முறையையும் எந்தப் பூச்சிக்காக, எந்தப் பருவத்தில் என்று பார்த்தே ஒப்பிட வேண்டும்.

முதலில் வண்டு. இதற்கு நம் வீடுகளில் வழிவழியாகக் கையாளப்படுவது சாம்பல். விடியற்காலையில் இலையில் பனி ஈரம் இருக்கும்போது, சலித்த அடுப்புச் சாம்பலையோ வறட்டிச் சாம்பலையோ மெல்லத் தூவினால் அது ஒட்டிக்கொள்ளும். வண்டும் அந்த இலையைத் தவிர்க்கும். மார்கழியில் விதைத்த கொடிக்கு இது நன்றாகவே உதவும். ஆடிப்பட்டத்திலோ ஒரு மழை பெய்தால் தூவியது முழுவதும் கரைந்துவிடும். சாம்பலுக்குப் போட்டியாக இருப்பது ஐந்து விழுக்காடு வேப்பங்கொட்டைக் கரைசல். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்ட வேண்டும். பூசணி இலையில் சுணை மிகுதி. சோப்புக் கலக்காமல் தெளித்தால் கரைசல் முத்து முத்தாகத் திரண்டு உருண்டு மண்ணில் விழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சிறிது காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்தால் இலை முழுவதும் படரும். ஆனால் வேம்பின் வீரியத்தை வெயில் சில நாட்களில் அழித்துவிடும் என்பதாலும், இளங்கொடி நாளுக்கொரு புது இலை விடும் என்பதாலும், வாரம் ஒருமுறை மாலையில் மீண்டும் தெளித்தாக வேண்டும்.

இவ்விரண்டையும்விட நான்கைந்து குழிகள் மட்டுமே உள்ள தோட்டத்துக்குக் கொசுவலையே மேலானது என்பது என் உறுதியான கருத்து. குழியைச் சுற்றி நான்கு குச்சிகளை நட்டு, வலையைப் போர்த்தி, விளிம்பை மண்ணுக்குள் புதைத்துவிட்டால் வண்டுக்கு வழியில்லை. ஐந்தாறு இலைகள் விட்டுக் கொடி ஓடத் தொடங்கும்போது வலையை எடுத்துவிடலாம். அதன்பின் வண்டு கொஞ்சம் தின்றாலும் கொடி தாங்கிக்கொள்ளும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. இந்த வண்டின் புழு மண்ணில் வாழ்ந்து வேரைத் தின்பது, கூட்டுப்புழுவாவதும் மண்ணிலேயே. சென்ற பருவத்தில் பூசணியோ வெள்ளரியோ பீர்க்கனோ இருந்த அதே இடத்தில் விதைத்து வலை போட்டால், மண்ணிலிருந்து எழும் வண்டுகள் வலைக்குள்ளேயே அகப்பட்டு நாற்றைத் தின்றுவிடும். இடத்தை மாற்றிய பிறகே வலை.

பழ ஈ இவ்வளவு எளிதில் வழிக்கு வருவதில்லை. பெண் ஈ இளம்பிஞ்சின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. வெளியே தெரிவதெல்லாம் ஊசி குத்தியது போன்ற ஒரு புள்ளியும் அதிலிருந்து கசிந்து இறுகிய பிசினும்தான். அந்தப் பிஞ்சை அறுத்தால் சதை கொழகொழத்திருக்க, வெண்ணிறப் புழுக்கள் உடலை வளைத்துத் துள்ளும். பிஞ்சு மஞ்சளாகி உதிர்வதெல்லாம் பழ ஈயால் அன்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மகரந்தம் சேராத பிஞ்சும் அப்படித்தான் வெம்பி விழும். அறுத்துப் பார்த்துப் புழு இல்லையென்றால், தேவை மருந்து அன்று, தேனீ. தேனீ வராத மாடித்தோட்டமானால் காலையிலேயே ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவிவிட வேண்டும்.

புழு காய்க்குள் இருப்பதால் மேலே தெளிக்கும் எதுவும் அதைத் தொடாது. வேப்பெண்ணெயின் வாடை முட்டையிட வரும் ஈயை ஓரளவு விலக்கும், அவ்வளவே. இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய்க் கரைசலும் விரட்டியாகவே வேலை செய்யும்; காரம் கூடினால் இளந்தளிர் கருகும்.

அடுத்துப் பொறிகள். மாம்பழ ஈக்குப் பயன்படும், மீத்தைல் யூஜினால் என்னும் ஈர்ப்புப்பொருள் வைத்த பொறியை வாங்கிப் பூசணிப் பந்தலில் தொங்கவிடுவது வீண் செலவு. பூசணியைத் தாக்கும் ஈயை ஈர்ப்பது கியூ லூர் என்னும் வேறொரு பொருள். அதுவும் ஆண் ஈக்களை மட்டுமே பிடிக்கும். எஞ்சிய சில ஆண்கள் பல பெண்களோடு சேரக்கூடும் என்பதால், சிறு தோட்டத்தில் இந்தப் பொறி ஈ வந்துவிட்டதா என்று அறிவதற்கு உதவும் அளவுக்குக் காயைக் காப்பதில்லை. கருவாட்டுப் பொறி பெண் ஈயையும் இழுக்கும். பழைய பரிந்துரைகளில் கருவாட்டுத் தூளோடு டைகுளோர்வாஸ் என்னும் பூச்சிக்கொல்லியில் நனைத்த பஞ்சை வைக்கச் சொல்லியிருப்பார்கள். அந்த மருந்துக்கு இந்தியாவில் 2020 டிசம்பர் 31 முதல் தடை உள்ளது. பஞ்சுக்குப் பதில் சோப்புத் தண்ணீர் வைக்கலாம். நாற்றம் பொறுக்க முடிந்தவர்களுக்கு இது நல்ல துணை.

காயை நேரடியாகக் காப்பது உறைதான். பூ வாடிய இரண்டு மூன்று நாட்களில், பிஞ்சு பிடித்துவிட்டது என்று தெரிந்தவுடன், மெல்லிய துணிப்பையாலோ இரட்டைத் தாள் உறையாலோ மூடிக் காம்பருகே இறுக்காமல் கட்ட வேண்டும். தாள் மழையில் கிழியும், ஆகவே ஆடிப்பட்டத்துக்குத் துணியே ஏற்றது. காய் பருக்கப் பருக்கப் பையைத் தளர்த்தி, தோலில் நகம் இறங்காத அளவுக்கு முற்றியதும் அவிழ்த்துவிடலாம். ஐம்பது காய்களுக்கு இது ஆகாத வேலை. ஐந்து காய்களுக்கு ஐந்தே நிமிட வேலை. விதை வாங்கும்போதே பெங்களூரு ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா சூர்யமுகி என்னும் பரங்கியைத் தேர்ந்தெடுத்தால், பழ ஈயைத் தாங்கும் இரகம் என்பதால் சுமை இன்னும் குறையும்.

இரசாயன மருந்தை வீட்டுப் பூசணிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பூசணிப் பூ விடியலில் விரிந்து முற்பகலுக்குள் மூடிவிடும். அந்தச் சில மணி நேரத்தில் வரும் தேனீயை இழந்தால் காயே இல்லை. கந்தகத் தூளும் தாமிரத் தூளும் இந்தக் குடும்பத்துச் செடிகளின் இலையைக் கருக்கிவிடும். அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் மட்டும் வேப்பெண்ணெய்க் கரைசலை இலையின் அடிப்புறம் படுமாறு தெளிப்பது பொருத்தமானது.

எந்த முறையைக் கைக்கொண்டாலும், உதிர்ந்த பிஞ்சை அப்படியே விட்டால் உழைப்பு வீணாகும். உள்ளிருக்கும் புழு வெளியேறி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, அடுத்த தலைமுறை ஈயாக எழும். ஆகவே அதை உரக்குழியில் போடக் கூடாது. பாலித்தீன் பையில் இறுகக் கட்டிச் சில நாட்கள் வெயிலில் போட வேண்டும், அல்லது ஒன்றரை அடி ஆழத்தில் புதைக்க வேண்டும். கொடியடி மண்ணையும் வேர் அறுபடாமல் மேலாகக் கொத்திவிட்டால், வெளிப்படும் கூட்டுப்புழுக்களை மைனாக்களும் கோழிகளும் பொறுக்கிக்கொள்ளும்.