வெந்நீர்க் காயத்துக்கு மூன்று விதக் கட்டு: கோத்தகிரி வீட்டு அனுபவம்

குளிக்கக் காய்ச்சிய வெந்நீர் கொட்டி, அம்மாவுக்கு முன்கையிலிருந்து விரல்வரை கொப்புளம். மேலோட்டமான இரண்டாம் நிலைக் காயம் என்றார் டாக்டர். ஆறும்வரை வீட்டில் கட்டு மாற்றியது நான்தான்.

முதலுதவி குழாய்த் தண்ணீர், 20 நிமிடம். பட்ட மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. டிசம்பர் மாதத்துக் கோத்தகிரித் தண்ணீர், கேட்கவா வேண்டும்? அம்மாவுக்குப் பல் தந்தியடித்தது. கையை மட்டும் குழாயில் காட்டி, உடம்புக்குக் கம்பளி போர்த்தினோம். பக்கத்து வீட்டு அக்கா அக்கறையாகத் தைலப் புட்டியோடு வந்தார். வெந்த தோலில் யூகலிப்டஸ் தைலமா? காபி கொடுத்து அனுப்பிவிட்டோம்.

முதலில் போட்டது சில்வர் சல்ஃபாடயாசின், அந்த வெள்ளைக் களிம்பு. மலிவு, எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். சல்ஃபா வகை மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆகாது. தொல்லை என்னவென்றால், நேற்றுப் போட்ட களிம்பு புண்ணீரோடு சேர்ந்து மஞ்சள் படலமாகப் படிந்துவிடும். பார்த்தால் சீழ் மாதிரியே இருக்கும். அதைத் துடைத்தெடுத்தால்தான் அடியில் புண் எப்படி இருக்கிறதென்று தெரியும். தினமும் அந்தத் துடைப்பில்தான் அம்மா அழுதார். இந்த மாதிரிக் காயம் ஆறுவதை இந்தக் களிம்பு தாமதப்படுத்தவும் செய்யும் என்று டாக்டரே நிறுத்திவிட்டார்.

அடுத்தது பாரஃபின் வலை. எனக்குப் பிடித்தது இதுதான். பிசுபிசுப்பான வலைத்துணி, மேலே காஸ் துணி, அதற்கு மேல் பேண்டேஜ். இரண்டு மூன்று நாள் அப்படியே விடலாம். சன்னமாக வெட்டி ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகச் சுற்றலாம், விரல்கள் ஒட்டிக்கொள்ளாது. ஓரம் காய்ந்து பிடித்துக்கொண்டால் இழுக்கக் கூடாது, சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்) விட்டு ஊற வைத்தால் தானாக வரும்.

மூன்றாவது, வெள்ளி கலந்த ஃபோம், பஞ்சு போன்ற பட்டை. விலை அதிகம். எங்கள் ஊரில் இல்லை, குன்னூரில் சொல்லி வைத்து வாங்கினோம். கசிவு குறைவாக இருந்தால் ஒரு வாரம்கூட நிற்கும். மழையில் பஸ்ஸேறி கிளினிக் போகும் அலைச்சல் மிச்சம். முன்கைக்கு அருமை, விரலுக்கு உதவாது.

கழுவ சலைன் நல்லது. ஆனால் இந்தக் குளிரில் அப்படியே ஊற்றினால் ஆள் துள்ளிவிடுவார். புட்டியை வெந்நீர்ச் சொம்பில் நிறுத்தி, மணிக்கட்டில் விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுவேன். சலைன் தீர்ந்தால் கொதித்து ஆறிய தண்ணீர் போதும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு பக்கமே போக வேண்டாம், முளைக்கிற தோலையும் சேர்த்து அரித்துவிடும்.

உருளைக்கிழங்கு விளையும் ஊரிலிருந்து எழுதுவதால் ஒன்று: 1980களில் மும்பை மருத்துவர்கள் கிழங்குத் தோலை வேகவைத்து, கிருமி நீக்கி, காஸில் ஒட்டித் தீக்காயத்துக்குக் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். புண் காயாமல் ஈரம் காக்கும் என்பதுதான் கணக்கு. அதற்காகச் சமையலறைத் தோலை எடுத்து ஒட்டிவிடாதீர்கள்!

இப்போது புதுத்தோல் இளஞ்சிவப்பாக இருக்கிறது, ராத்திரியில் அரிக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவுகிறோம். மலை வெயில் குளிர்ச்சியாகத் தோன்றினாலும் தோலைக் கறுக்கடித்துவிடும், அதனால் வெளியே போனால் முழுக்கைச் சட்டைதான்.