ப்ளேயர்ல ஓபன் ஆகாத ஃபைலுக்கு எஃப்எஃப்எம்பெக்: என் ரிவ்யூ

ஸ்க்ரீன் ரெக்கார்டர் ஒரு ஃபார்மட்ல குடுக்கும், பிரவுசர்ல பண்ண மீட்டிங் ரெக்கார்டிங் இன்னொரு ஃபார்மட்ல வரும், கேமரா வேற ஒண்ணு. அத எடிட்டர்ல போட்டா சப்போர்ட் இல்லன்னு ஒத்த வரி வந்து நிக்கும், ஏன்னு காரணம் சொல்லாது. இந்த மாதிரி நேரத்துல நான் நம்புறது எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) தான், வீடியோ ஆடியோ ஃபைல ஒரு ஃபார்மட்ல இருந்து இன்னொண்ணுக்கு மாத்துற டூல் இது. பட்டன், மெனு எதுவும் கிடையாது, எல்லாம் டெர்மினல்ல (கமாண்ட் அடிக்கிற விண்டோ) டைப் பண்ணணும், ஆனா காசு குடுத்து கன்வெர்ட்டர் வாங்கப் போறவங்ககிட்ட கூட முதல்ல இதப் பாருங்கன்னு தான் சொல்லுவேன். 2000ல ஃபேப்ரிஸ் பெல்லார்ட் ஆரம்பிச்ச ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் இது, விஎல்சி, எம்பிவி மாதிரி வீடியோ ப்ளேயர் எல்லாம் உள்ளுக்குள்ள இதோட லைப்ரரிய வச்சு தான் ஓடுது.

இதோட கூடவே வர்ற எஃப்எஃப்ப்ரோப்ப (ffprobe) நிறைய பேர் தொடுறதே இல்ல, எனக்கு அது தான் ரொம்பப் பிடிச்சது. ஃபைல் பேர குடுத்தா போதும், உள்ள என்ன கோடெக் (வீடியோ, ஆடியோவ சுருக்குற முறை), எத்தன ஆடியோ ட்ராக், எவ்ளோ நீளம்னு எல்லாம் சொல்லிடும். எக்ஸ்டென்ஷன நம்பவே கூடாது. எம்கேவி, எம்பி4 எல்லாம் வெறும் டப்பா, உள்ள இருக்குற சரக்கு ரெண்டுலயும் எச்.264ங்கிற அதே கோடெக் வீடியோவா இருக்கலாம். எடிட்டர் எம்கேவிய எடுக்கலன்னா மறுபடி என்கோட் பண்ண (வீடியோவ திரும்ப சுருக்க) வேண்டியதே இல்ல, மைனஸ் சி காப்பின்னு (-c copy) போட்டு டப்பாவ மட்டும் மாத்திக்கலாம். பெரிய ஃபைல் கூட சட்டுன்னு முடிஞ்சிரும், குவாலிட்டி துளி கூட குறையாது. இது தெரியாம ஆன்லைன் கன்வெர்ட்டர்ல சொந்த வீடியோவ அப்லோட் பண்ணி, அது திரும்ப நசுக்கிக் குடுக்குறத டவுன்லோட் பண்றவங்களப் பாத்தா நெஜமாவே வருத்தமா இருக்கு.

பிரவுசர்ல ரெக்கார்ட் பண்ண வெப்எம் ஃபைல் ப்ளே ஆகும் ஆனா நடுவுல தள்ளிப் பாக்க முடியாது, நீளமும் காட்டாது, பாத்திருப்பீங்க. அதுல அந்த நீளமும், எந்த நேரத்துக் காட்சி ஃபைல்ல எங்க இருக்குன்னு சொல்ற இன்டெக்ஸும் எழுதாமலே விட்டிருக்கும். அதுக்கும் இதே காப்பி தான், புது ஃபைலா எழுதும்போது அது ரெண்டையும் சேத்துடும்.

முடியாததும் இருக்கு. ரெக்கார்டிங் நடுவுல கரண்ட் போயி எம்பி4 பாதில நின்னா "மூவ் ஆட்டம்" (moov atom) காணோம்னு எரர் வரும், அது தான் எம்பி4ஓட இன்டெக்ஸ், அத பொதுவா கடைசில தான் எழுதுவாங்க, அது இல்லாம எஃப்எஃப்எம்பெக் ஓபன் பண்ணாது. அதனால ஓபிஎஸ் (OBS) மாதிரி ஸ்க்ரீன் ரெக்கார்டர்ல எம்கேவியா ரெக்கார்ட் பண்ணிட்டு அப்புறம் மாத்துறது தான் சேஃப்.

குறைன்னு பாத்தா, ஆப்ஷன் போடுற இடம் ரொம்ப முக்கியம், இன்புட்டுக்கு முன்னாடி போட்டா ஒரு அர்த்தம் பின்னாடி போட்டா வேற அர்த்தம், புதுசா வர்றவங்க இங்க தான் வெறுத்துப் போறாங்க. காப்பி மோட்ல கட் பண்ணா நீங்க சொன்ன செகண்ட்ல கரெக்டா வெட்டாது, கீஃப்ரேம (அங்கங்க முழுப் படமா சேமிச்சு வச்ச ஃப்ரேம்) பாத்து தான் வெட்டும். அதவிட மோசம், ரெண்டு மூணு ஆடியோ ட்ராக் இருக்குற ஃபைல சும்மா மாத்தினா ஒண்ணே ஒண்ண மட்டும் எடுத்துட்டு மத்தத சத்தமில்லாம விட்டுடும். மைக் ஒரு ட்ராக், கேம் சவுண்ட் ஒரு ட்ராக்னு தனித்தனியா வச்சிருக்குறவங்க கண்டிப்பா மைனஸ் மேப் 0ன்னு (-map 0) சேத்துக்கோங்க. பழைய ஃபைல அழிக்கும் முன்னாடி புதுசுல எத்தன ட்ராக் இருக்குன்னு எஃப்எஃப்ப்ரோப்ல ஒருவாட்டி பாத்துடுங்க.

எடிட்டிங் ஆப்ல சேவ் பண்ண ப்ராஜெக்ட் ஃபைல இதுல ஓபன் பண்ணலாமான்னு அடிக்கடி கேக்குறாங்க, முடியாது. வீடியோ எடிட்டர் பிரீமியரோட ப்ராஜெக்ட் ஃபைல் ஜிஜிப் (gzip) முறைல சுருக்கின எக்ஸ்எம்எல் டெக்ஸ்ட், அதுல வீடியோவே இருக்காது, எந்த ஃபைல் எங்க இருக்குன்னு குறிப்பு தான். ஜிஜிப்ப பிரிச்சுப் பாத்தா ஃபைல் இருக்குற ஃபோல்டர் பாத் (path) தெரியும், காணாமப் போன க்ளிப்ப தேட அது நல்லா உதவும். ஆடியோ எடிட்டர் ஆடாசிட்டியோட ப்ராஜெக்ட் ஃபைல் ஏயூபி3 ஒரு எஸ்க்யூலைட் (SQLite) டேட்டாபேஸ், ஆடியோ அதுக்குள்ளயே தான் இருக்கு, ஆனா வெளிய எடுக்க ஆடாசிட்டில ஓபன் பண்ணி எக்ஸ்போர்ட் பண்றது தான் சுலபம்.