மாறக்கூடாத புலம்: இரண்டு ஸ்கீமாவா, ஒப்பிட்டு மறுப்பதா?

கிளிநொச்சியில் நெல் கொள்வனவு செய்யும் ஒரு சங்கத்துக்கு நாங்கள் எழுதிய ஏபிஐயில் (செயலி சேவரோடு பேசும் இடைமுகம்), விவசாயி எண், போகம் (காலபோகமா, சிறுபோகமா) என்ற இரண்டு புலங்களும் பதிவு உருவானபின் மாறக்கூடாது. எடையைத் திருத்தலாம்.

ஏபிஐகளை விவரித்து எழுதும் தரமான ஓப்பன்ஏபிஐயில் உள்ள ரீட்ஒன்லி (readOnly) என்ற குறி இதற்கு உதவாது. அது சேவர் மட்டுமே நிரப்பும் புலத்துக்கானது. உருவாக்கும்போது மட்டும் அனுப்பலாம் என்று சொல்ல அந்தத் தரத்தில் குறி இல்லை. அதனால்தான் மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் சேவையான அஸூர், எக்ஸ்-எம்எஸ்-மியூட்டபிலிட்டி (x-ms-mutability) என்று சொந்தமாக ஒன்றை வைத்திருக்கிறது.

மிஞ்சியவை இரண்டு. உருவாக்க ஒரு ஸ்கீமா (எந்தெந்தப் புலங்கள் வரலாம் என்ற வரையறை), திருத்த இன்னொன்று என்று வைத்து, இரண்டாவதில் அந்தப் புலங்களையே விட்டுவிடலாம். பார்க்க அழகுதான், செயலி எழுதுபவரின் பிழையை, நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரே பிடித்துவிடும். இல்லையென்றால் ஒரே ஸ்கீமா, 'மாறாதது' என்ற குறி, சேவரில் ஒப்பீடு. கூகுளின் ஏபிஐ வடிவமைப்பு வழிகாட்டிகளில் ஒன்றான ஏஐபி-203 சொல்வது இதைத்தான்: அதே மதிப்பு வந்தால் பொருட்படுத்தாதே, வேறு வந்தால் பிழை கொடு.

நாங்கள் ஒப்பீட்டை எடுத்ததற்குக் காரணம் களத்தில் இருக்கும் கைபேசிகள். சிக்னல் இல்லாத இடத்தில் எடையைத் திருத்திவிட்டு, இணைப்பு வந்ததும் செயலி முழுப் பதிவையும் புட் கோரிக்கையில் திருப்பி அனுப்பும். இரண்டு ஸ்கீமா முறையில் போகம் அங்கே தெரியாத புலம். சேவர் அதை மறுத்தால் நியாயமான எடைத் திருத்தமும் சேர்ந்து 400 என்ற பிழையில் (தவறான கோரிக்கை) போய்விடும். சத்தமில்லாமல் கைவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: போகத்தை மாற்றியவருக்குத் திரையில் 'சேமிக்கப்பட்டது' என்று வரும், தரவுத்தளத்தில் பழையதே இருக்கும். காசு கொடுக்கும் நாளில் யார் பதில் சொல்வது? ஒப்பிட்டால் இரண்டு சிக்கலும் இல்லை. நாளைக்கு இன்னொரு புலத்தை மாறாததாக்க வேண்டுமென்றாலும் சேவரில் ஒரு குறி போதும், கைபேசிகளில் கிடக்கும் பழைய பதிப்புகளைத் தொட வேண்டாம். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருளான குபர்னெட்டீஸிலும் பழைய மதிப்பையும் புதியதையும் ஒப்பிட்டு விதி எழுதலாம், அந்த வசதி 1.29 பதிப்பில் நிலைபெற்றது.

மாறிய புலங்களை மட்டும் பேட்ச்சில் அனுப்பும் செயலி என்றால் இந்த வாதத்தில் பாதி போய்விடும். வெளியாருக்குத் திறந்துவிட்ட பொது ஏபிஐயை நான் நடத்தியதில்லை, அங்கே இரண்டு ஸ்கீமாவே வெல்லலாம். புட்டில் புலமே வராவிட்டால் 'மாற்றமில்லை' என்று எடுத்துக்கொள்கிறோம், கறாரானவர்கள் இதை ஏற்க மாட்டார்கள்.

அப்புறம், அடையாள அட்டை எண்ணுக்கு இந்தக் குறியைப் போடவில்லை. ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்துமாக இருந்தது 2016இல் பன்னிரண்டு இலக்கமானது. பழைய அட்டைக்காரர் புதியது எடுத்தால் எங்கள் பதிவிலும் அது மாறியாக வேண்டும்.