லீன் ஆலோசகரும் மெஷின் சாப்ட்வேரும்: ஐந்து வருடத்துக்கு மேல் ஓட்டிப் பார்த்தபின்

கோவையில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் நடுத்தர மெஷின் ஷாப் ஒன்றில் உற்பத்திப் பொறுப்பு என்னுடையது. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடையும் சிஎன்சி லேத், குடையும் விஎம்சி, இரண்டு ஷிஃப்ட். முதலில், வீணாகும் நேரத்தையும் வேலையையும் குறைக்கும் லீன் முறையைச் சொல்லித்தரும் ஆலோசகர் ஒருவர் வந்தார். அவர் வேலை ஓரளவு நிலைத்தபின் மெஷின்களைக் கண்காணிக்கும் சாப்ட்வேர் வாங்கினோம். எந்த கம்பெனி என்று நிறைய பேர் கேட்கிறார்கள். பெயர் வேண்டாம். நான் சொல்லும் குறைகள் இந்த வகை சாப்ட்வேர் பெரும்பாலானவற்றுக்கும் பொருந்தும்.

சாப்ட்வேரில் இருந்தே தொடங்குகிறேன். மெஷினை இயக்கும் ஃபானக் கம்பெனி கண்ட்ரோலரில் ஈதர்நெட் உள்ளவை சிரமமில்லாமல் இணைந்தன. பழைய மெஷின்களுக்கு மேலே எரியும் டவர் லாம்ப் விளக்கின் சிக்னலைத்தான் இழுக்க வேண்டியிருந்தது. பச்சை எரிந்தால் ஓடுகிறது, இல்லாவிட்டால் நிற்கிறது, அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. டெமோவில் இந்தப் பேச்சே வராது. மெஷின் பட்டியலைக் கையில் கொடுத்து, எதிலிருந்து என்ன டேட்டா வரும் என்று எழுதி வாங்கிக்கொண்டு பிறகு ஆர்டர் போடுங்கள்.

மெஷின் எப்போது நின்றது என்பது நொடி சுத்தமாகப் பதிவாகும். ஏன் நின்றது என்பதை ஆபரேட்டர்தான் டேப்லெட்டில் அழுத்த வேண்டும். அங்கேதான் வேடிக்கை. முதல் மாத ரிப்போர்ட்டில் 'இன்சர்ட் மாற்றம்' (தேய்ந்த வெட்டு முனையை மாற்றுவது) எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. ஸ்டோர்ஸில் விசாரித்தால் இன்சர்ட் எடுத்த கணக்கு எப்போதும் போலத்தான். பட்டியலில் முதலாவதாக இருந்த காரணம் அது, அவ்வளவுதான். கையெல்லாம் கூலன்ட்டோடு நிற்கிற ஆள் எதற்குக் கீழே தள்ளித் தேடுவார்? காரணங்களை ஆறாகச் சுருக்கிப் பக்கத்தில் படம் போட்டோம். எங்கள் ஆபரேட்டர்களில் பாதிப்பேர் ஒடிசா, பீகார் பக்கம். இங்கிலீஷ் மட்டுமே இருந்த திரையில் ஹிந்தி வந்த பிறகுதான் பதிவுகளை நம்ப முடிந்தது. 'ஆபரேட்டர் இல்லை' என்ற பட்டனை மட்டும் இன்றுவரை யாரும் தொட்டதில்லை!

அப்புறம் ஓஇஇ. மெஷின் ஓடிய நேரம், ஓடிய வேகம், நல்ல பீஸ் விகிதம் மூன்றையும் பெருக்கி வரும் எண். 85 சதவீதம் இருந்தால் உலகத் தரம் என்பார்கள். மெஷின் பராமரிப்பில் எல்லோரையும் சேர்க்கும் டிபிஎம் முறையை வகுத்த ஜப்பானியர் செய்ச்சி நகஜிமா வழியாகப் பரவிய அளவுகோல் அது. அந்த எண்ணை எட்டுவதற்குக் குறுக்கு வழி ஒன்று உண்டு. 420 நிமிட ஓட்டத்தில் 140 பீஸ் வந்தது என்று வையுங்கள். ஒரு பீஸுக்கு ஆகும் உண்மையான சைக்கிள் டைம் இரண்டரை நிமிடம் என்றால் வேகம் 83 சதவீதம்தான். சாப்ட்வேரின் மாஸ்டர் பட்டியலில் 3 நிமிடம் என்று போட்டுவிட்டால் அதே ஷிஃப்ட் நூற்றுக்கு நூறு. எங்கள் ஷாப்பில் ஒரு மெஷின் 107 காட்டியது. அதன்பின் சைக்கிள் டைமை மாற்றும் அனுமதியை வேலை முறையை வகுக்கும் மெத்தட்ஸ் ஆள் ஒருவருக்கு மட்டும் வைத்துவிட்டு மற்றவர்களுக்குப் பூட்டினோம். வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் செட்டிங் இது.

ஆலோசகர் விஷயத்தில் எனக்குப் புகார் குறைவு. இடத்தை ஒழுங்காக வைக்கும் 5எஸ் வகுப்பு, சுவரில் போஸ்டர் எல்லாம் வழக்கம்போல நடந்தன, அதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. ஆனால் ஒரு பாகம் முடிந்து அடுத்த பாகத்துக்கு மெஷினின் செட்டிங் மாற்றுவதை அவர் போனில் வீடியோ எடுத்து, செட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டிக் காட்டினார் பாருங்கள், கொடுத்த காசு அதிலேயே வந்துவிட்டது. பீஸைப் பிடிக்கும் சாஃப்ட் ஜா தேடி ஸ்டோர்ஸுக்கு நடை, ஆலன் கீ கேட்டுப் பக்கத்து மெஷினுக்கு நடை. எல்லாவற்றையும்விட நீளமானது, முதல் பீஸைக் கொடுத்துவிட்டு தரம் பார்க்கும் க்யூசி ஆளின் கையெழுத்துக்காகச் சும்மா நின்ற நேரம். மெஷின் ஓடும்போதே செய்துவிடக்கூடியது எது, நின்றபின்தான் செய்ய முடியும் என்பது எது என்று பிரிப்பது ஜப்பானியப் பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ சொல்லிக்கொடுத்த முறை. ஜா, டூல், கேஜ் எல்லாம் முன்கூட்டியே ட்ராலியில் ஏறின. க்யூசிக்கும் முன்பே தகவல் போனது. இரண்டு மணி நேரம் இழுத்த செட்டிங் ஒரு மணிக்குள் வந்தது. ஷிங்கோ சொன்ன பத்து நிமிடத்துக்குள் என்பது எங்களுக்கு இன்னும் கைகூடவில்லை. சிறு லாட்டுகள் அதிகம் வருகிற ஷாப்புக்கு இதுவே பெரிய லாபம்.

இரண்டையும் ஆட்டிவைத்தது மேலே இருப்பவர் கேட்கும் கேள்வி. காலை கூட்டத்தில், குறை இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை என்று குறிக்கும் போர்டு முன்னால் நின்று 'யாரு பண்ணது?' என்றுதான் எங்கள் முதலாளி தொடங்குவார். மறுநாள் சிவப்பெல்லாம் பச்சையாகிவிடும். ஒரு சூப்பர்வைசர் என்னிடம் நேராகவே கேட்டார்: "நாமளே சிவப்பு போட்டு நாமளே திட்டு வாங்கோணுங்களா சார்?" முதலாளியிடம் நான் பேசியது தறியைப் பற்றி. நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும் தறியை சகிச்சி டொயோடா 1924இல் கொண்டுவந்தார். கோளாறு வந்தால் உடனே நிறுத்துவது என்ற, டொயோடா உற்பத்தி முறையின் ஒரு தூண் அங்கிருந்துதான் எழுந்தது. மில் ஊர்க்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. நின்ற தறியைத் திட்டுவதா, அறுந்த நூலைப் பார்ப்பதா? மெதுவாக அவர் கேள்வி 'எதனால நின்னுச்சு?' என்று மாறியது. அந்தக் காலாண்டில் எங்கள் ஓஇஇ சரிந்தது. அதுதான் நாங்கள் பார்த்த முதல் உண்மைக் கணக்கு.

செலவு பற்றிச் சுருக்கமாக. சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் எம்எஸ்எம்இ லீன் திட்டம் 2023 மார்ச்சில் புதுப்பிக்கப்பட்டபோது, ஆலோசகர் கட்டணத்தில் 90 சதவீதத்தை அரசு ஏற்கும் என்று அறிவித்தார்கள். சிறு ஷாப் வைத்திருப்பவர்கள் முதலில் அங்கே பாருங்கள். சாப்ட்வேர் மாதச் சந்தா உங்கள் பொறுப்பு. பத்து மெஷினுக்குக் கீழே இருந்தால் ஒரு வெள்ளை போர்டும் மார்க்கரும் போதும், நானே வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதற்கு மேல் என்றால், போர்டில் கையால் எழுதும் பழக்கம் ஆறு மாதமாவது ஊறட்டும், பிறகு வாங்குங்கள்.

சென்ற முறை சந்தா புதுப்பித்தபோது அனலிடிக்ஸ் மாட்யூலை விட்டுவிட்டோம். லாகின் பட்டியலைப் பார்த்தால் என்னைத் தவிர யாரும் அதைத் திறக்கவில்லை. நானும் அதைத் திறந்தது மாதக் கடைசியில் கூட்டத்துக்கு பவர்பாயின்ட் போடத்தான்.