பிசிறே இல்லாமல் வந்த குவில்ட் போர்வை: தைக்கக் கொடுப்பவர்கள் கவனிக்கவும்

"அம்மா, நான் ஏதோ தவறாகத் துவைத்துவிட்டேன் போலிருக்கிறது" என்று மகள் தயங்கித் தயங்கித் தொலைபேசியில் சொன்னபோதுதான் விஷயம் தெரிந்தது. அவள் மேல் எந்தத் தவறும் இல்லை.

அவளுடைய கட்டிலுக்காக நான்கு மாதம் துண்டுத்துணிகளை இணைத்து மேல்துணியை முடித்திருந்தேன். அவ்வளவு பெரிய போர்வையைச் சுருட்டி நுழைக்க என் தையல் மெஷினில் இடமில்லை. அதனால் வீட்டிலிருந்தபடி குவில்ட்டிங் (மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைப்பது) செய்து தரும் ஒருவரிடம் கொடுத்தேன். நூல் நுனிகள் அனைத்தையும் முடிச்சிட்டுப் பஞ்சுக்குள் செருகித் தருவதாகச் சொன்னார். அதற்கென்று தனிக் கூலியும் வாங்கிக்கொண்டார்.

போர்வை பார்க்க அருமையாக வந்தது. எங்கும் ஒரு பிசிறு இல்லை. மகிழ்ச்சியோடு மடித்து மகளிடம் கொடுத்துவிட்டேன்.

ஒரே சலவையில் 38 இடங்களில் தையல் விட்டிருக்கிறது. சில இடங்களில் மூன்று நான்கு தையல்தான். ஓர் இலை வடிவத்தில் பாதியே காணவில்லை. ஓரம்வரை ஓடிய தையல் கோடுகளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் அவற்றின் நுனிகள் ஓரப்பட்டிக்குள் அகப்பட்டிருந்தன. நடுவில் தொடங்கி நடுவில் முடிந்தவை எல்லாம் போயின. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முடிச்சும் இல்லை, செருகலும் இல்லை. நூலைத் துணியோடு ஒட்ட வெட்டி, மேலே ஒரு சொட்டுப் பசை வைத்திருக்கிறார். பசை நின்ற இடங்கள் காய்ந்து கன்னத்தில் முள்ளாகக் குத்துகின்றன. போர்த்திக்கொண்டு தூங்கும் பொருள் இது!

கேட்டதற்கு, "மெஷினில் போட்டிருப்பீர்கள், அதுதான்" என்றார். அதன்பின் அழைப்பை எடுக்கவே இல்லை.

இது பிரிந்தது துவைத்ததால் அல்ல. மேல் நூலும், மெஷினின் அடியிலிருந்து வரும் பாபின் நூலும் பஞ்சுக்குள் ஒன்றையொன்று கோத்து நிற்பதுதான் மெஷின் தையல். நுனியைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாவிட்டால் கடைசித் தையல் முதலில் நழுவும், பிறகு அதற்கு முந்தையது. அவர் போட்டிருந்தது பளபளப்பான பாலியெஸ்டர் நூல். பருத்தி நூலைவிட வழுக்கும்.

முறையாகச் செய்வது அப்படியொன்றும் கடினமில்லை. தொடங்கும்போது ஒரு தையல் மட்டும் போட்டு, மேல் நூலை இழுத்துப் பாபின் நூலையும் மேலே கொண்டுவந்து, இரண்டையும் 10 முதல் 15 செ.மீ. நீளம் விட வேண்டும். முடிக்கும்போதும் அப்படியே. பிறகு இரண்டையும் துணியை ஒட்டி முடிச்சிட்டு, ஊசியில் கோத்து, கடைசித் துளையிலேயே இறக்கிப் பஞ்சுக்குள் 2, 3 செ.மீ. ஓட்டி வெளியே எடுத்து மெல்லச் சுண்டினால் முடிச்சு உள்ளே போய்விடும். அதன்பிறகுதான் கத்தரி. இதற்குப் பொறுமை இல்லையென்றால் தையல் நீளத்தை அரை மில்லிமீட்டருக்குக் குறைத்து ஏழெட்டுத் தையல் போட்டு வெட்டலாம். அதுவும் நேர்மையான வேலைதான். முன்னும் பின்னும் ஓட்டும் கெட்டித் தையல் சட்டைக்குச் சரி, குவில்ட்டின் நடுவில் போட்டால் கட்டி தட்டித் தெரியும்.

கொடுக்கும் முன் மூன்றடுக்குச் சிறு மாதிரி ஒன்றில், நடுவிலேயே முடியும் கோடு ஒன்றைத் தைத்துத் தரச் சொல்லுங்கள். அதைத் துவைத்துப் பாருங்கள். நான் கேட்கவில்லை. போர்வை திரும்பி வந்ததும் பின்பக்கத்தைத் திருப்பி, கோடு முடியும் இடங்களை விரலால் தடவுங்கள். விறைப்பாகப் புள்ளி தட்டுப்பட்டால் பசை. அந்த இடத்தைக் குறுக்காக இழுத்துப் பார்த்தால் நுனி எழும்பிவிடும். அவர் கண்ணெதிரிலேயே இதைச் செய்யுங்கள், கூலி அதற்குப் பிறகு.

இப்போது நான் ஒவ்வொரு கோட்டையும் 10 செ.மீ. பின்னோக்கிப் பிரித்து, ஊசியில் கோக்க நூல் எடுத்து முடிச்சிடுகிறேன். இடைவெளியை அதே துளைகளில் கைத்தையலால் நிரப்புகிறேன். 21 இடங்கள் முடிந்தன. பசை இறுகிய இடங்களில் துணி இளகவே இல்லை. அவற்றின்மேல் சிறு இலைகளாகத் துண்டுத்துணி வெட்டி வைத்துத் தைக்கப்போகிறேன்.